மோகன் குமாரமங்கலம்: நீதிபதியின் நாற்காலியைக் கேள்விக்குள்ளாக்கியவர்

எங்கள் ஊரான புதுச்சத்திரம் சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே, மரவள்ளிக் காடுகளையும் கோழிப் பண்ணைகளையும் கடந்து சென்றால், திருச்செங்கோட்டை அடுத்து வருவது குமாரமங்கலம். பண்ணையங்களில் கூலிக்கு உழைத்த எங்கள் முன்னோருக்கு அது ஜமீன் ஊர். அதற்குமேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. சட்டக் கல்லூரியில் அரசமைப்புச் சட்டம் படிக்கத் தொடங்கியபோதுதான் அந்த ஊரின் பெயர் எனக்கு வேறொரு காரணத்துக்காக அறிமுகமாயிற்று. 1973ஆம் ஆண்டு, உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி நான்காமவரைத் தலைமை நீதிபதியாக்கியது இந்திரா காந்தியின் அரசு. அந்த முடிவை மக்களவையில் நின்று நியாயப்படுத்திய அமைச்சர் அந்த ஊர்ப் பெயரையே தம் பெயராகத் தாங்கியவர்.

சுரேந்திர மோகன் குமாரமங்கலம் இன்று தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அதிகம் சொல்லப்படாத பெயர். நீதித்துறையை அரசுக்குக் கட்டுப்பட்டதாக்க முயன்றவர் என்ற ஒற்றை வரியில் சட்டப் புத்தகங்கள் அவரைக் கடந்துவிடுகின்றன. அந்த வரி பொய்யல்ல. ஆனால் உச்ச நீதிமன்றம் எந்த வழக்குகளை ஏற்கிறது, யார் அவற்றை முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி யாருக்கு முக்கியமோ இல்லையோ, நமக்கு முக்கியம். அந்தக் கேள்வியோடு ஒரு குடும்பத்தின் அரை நூற்றாண்டு பின்னிக் கிடக்கிறது. அதனால்தான் அவருடைய வாழ்க்கையைச் சற்று விரித்துச் சொல்லத் தோன்றியது.

அவர் 1916 நவம்பர் 1 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தை ப. சுப்பராயன் குமாரமங்கலம் ஜமீன்தார், கொங்கு வேளாளர். தாய் ராதாபாய் மங்களூரைச் சேர்ந்த சாரஸ்வதப் பிராமணப் பெண். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். சாதி கடந்த மறுமணம் அது. ராதாபாயின் தந்தை குத்முல் ரங்கராவை நம் வாசகர்களில் சிலர் அறிந்திருக்கக்கூடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மங்களூரில் தீண்டப்படாதோருக்கென்று பள்ளிகள் தொடங்கி, 1897இல் ஒடுக்கப்பட்ட வகுப்பார் சங்கம் ஒன்றை நிறுவியவர். அதற்காகச் சொந்தச் சாதியாரால் ஒதுக்கி வைக்கப்பட்டவர். இறந்தபின் தம் உடலுக்குச் செய்ய வேண்டியவற்றை அம்மக்களே செய்ய வேண்டும் என்று விரும்பியவர். அவருடைய பேரன்தான் மோகன். ராதாபாய் 1930இல் முதல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர். அதே மாநாட்டில்தான் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் நம் மக்களின் சார்பில் அமர்ந்திருந்தார்கள்.

தந்தையின் கதை உச்ச நீதிமன்றத்தோடு வேறு வழியில் இணைகிறது. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். வகுப்புவாரி உரிமை ஆணை நடைமுறைக்கு வந்தது அவருடைய அமைச்சரவையின் காலத்தில்தான். அதை முன்னின்று செய்தவர் அவருடைய அமைச்சர் முத்தையா முதலியார். 12 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் 2, ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு 1 என்பது கணக்கு. நமக்குக் கிடைத்த அந்த ஒன்று மிகக் குறைவு. ஆனாலும் அரசின் தாளில் நம்மை எண்ணிக்கையாகக் கணக்கிட்ட முதல் ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று. பின்னர் திருத்தப்பட்ட வடிவில் நடைமுறையில் இருந்த அந்த ஆணையைத்தான் 1951 ஏப்ரல் 9 அன்று செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது.

அந்த வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்த வழியை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே செய்யாத ஒரு பெண், விண்ணப்பித்தாலும் இடம் கிடைக்காது என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்தார். உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. தோற்ற மாநில அரசு மேல்முறையீடு செய்தது. அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டும் சில மாதங்களும்தான் ஆகியிருந்தன. அதற்குள் கால் நூற்றாண்டு வயதுடைய சமூக ஏற்பாடு சரிந்தது. அதைச் சரிசெய்ய நாடாளுமன்றம் முதல் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நீதிமன்றம் தள்ளுவதும், நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தி மீட்பதுமான இழுபறி அங்கே தொடங்குகிறது. அதன் உச்சக் கட்டத்தில் சுப்பராயனின் மகன் நிற்பார்.

ஆனால் மகன் அந்த இடத்துக்கு வந்த பாதை நேரானதல்ல. ஈட்டன் பள்ளி, கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி, 1938இல் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தின் தலைமை, பிறகு பாரிஸ்டர் பட்டம் என்று பிரிட்டிஷ் ஆளும் வர்க்கப் பிள்ளைகளுக்கு வகுக்கப்பட்ட படிகளில் ஏறிய இளைஞர் பொதுவுடைமையராகத் திரும்பி வந்தார். 1939இல் நாடு திரும்பியவரை அடுத்த சில மாதங்களிலேயே அரசு தேடத் தொடங்கியது. பி. ராமமூர்த்தி, சி. எஸ். சுப்பிரமணியம், உமாநாத் ஆகியோரோடு சென்னைச் சதி வழக்கில் அவரும் சிறை சென்றார். அண்ணன் பரமசிவ பிரபாகர் பின்னாளில் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார். தங்கை பார்வதி கிருஷ்ணன் கோவையின் தொழிற்சங்கத் தலைவராகவும் பொதுவுடைமைக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கினார். ஒரு ஜமீன் வீட்டிலிருந்து இப்படி எல்லாத் திசைகளிலும் ஆட்கள் புறப்பட முடிந்தது. அதே ஜமீன் நிலத்தில் உழைத்த சேரிகளிலிருந்து அக்காலத்தில் யார் எங்கே போக முடிந்தது என்று எண்ணிப் பார்க்காமல் இந்த வரியை என்னால் கடக்க முடியவில்லை.

விடுதலைக்குப் பின் நிலைமை விசித்திரமாயிற்று. ஓமந்தூர் ராமசாமி அமைச்சரவையில் தந்தை உள்துறை அமைச்சர். மகனும் மகளும் இருந்த கட்சியோ அரசின் வேட்டைக்கு உள்ளானது. 1948க்குப் பிறகு கட்சியினர் தடுப்புக் காவலில் அடைக்கப்பட்டனர். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் காவலர்கள் சுட்டதில் 22 பொதுவுடைமைக் கைதிகள் இறந்தனர். குடியரசு பிறந்து பதினாறு நாள்களே ஆகியிருந்தன. மலபாரின் உழவர்கள் பலர் அவர்களுள் அடக்கம். சேலத்து மண்ணில் நடந்த அந்தக் கொலையை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

புதிதாகப் பிறந்த உச்ச நீதிமன்றத்தின் கதவை முதலில் தட்டியவர்களில் மோகனின் தோழர்கள் முன்னணியில் இருந்ததற்கு இதுவே பின்னணி. சென்னை மாகாணச் சிறையிலிருந்த ஏ. கே. கோபாலன் தம்மைக் காவலில் வைத்ததை எதிர்த்து நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கு மனு அனுப்பினார். அரசமைப்பின் 32ஆம் உறுப்பு அதற்கு வழி தந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் கீழ் நீதிமன்றங்களில் ஏறி இறங்காமல் நேரே உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லலாம். அந்த வழியே ஓர் அடிப்படை உரிமை. அரசமைப்பின் இதயமாகவும் ஆன்மாவாகவும் அம்பேத்கர் கருதிய உறுப்பு இது. கோபாலன் 1950 மே 19 அன்று தோற்றார். தடுப்புக் காவல் சட்டத்தின் ஒரே ஒரு பிரிவு மட்டும் வீழ்ந்தது. அடுத்த வாரமே, சென்னை அரசு தடை செய்த கிராஸ் ரோட்ஸ் இதழின் ரொமேஷ் தாப்பர் அதே 32ஆம் உறுப்பின் கீழ் வென்றார். 1952இல் வி. ஜி. ராவ் வழக்கு: சென்னை அரசு சட்டவிரோதமென்று அறிவித்த மக்கள் கல்விச் சங்கத்தின் செயலாளர் உயர் நீதிமன்றத்தில் வென்று, அரசின் மேல்முறையீட்டிலும் வென்றார். ஒரே அரசு, ஒரே கட்சி, ஒரே நீதிமன்றம். ஆனால் உடல் சிறையிலிருந்தபோது தோல்வி. இதழும் சங்கமும் வழக்கானபோது வெற்றி. சட்டத்தின் எழுத்து ஒன்றாக இருக்க, அதை வாசிக்கும் கண் எதில் பதறுகிறது, எதில் பதறுவதில்லை என்ற வேறுபாடு அந்த இரண்டு ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டது.

சிறையிலிருந்து வெளிவந்த மோகன் சென்னையில் வழக்கறிஞராகப் பெயர் பெற்றார். 1960களில் அவருடைய சிந்தனை மாறத் தொடங்கியது. காங்கிரசுக்கு வெளியே நின்று எதிர்ப்பதைவிட முற்போக்காளர்கள் அதற்குள் சென்று அரசைத் திருப்ப வேண்டும் என்பது அவர் வந்தடைந்த முடிவு. 1966இல் பக்தவத்சலம் அரசின் தலைமை வழக்கறிஞரானார், கட்சியை விட்டார், பின்னர் காங்கிரசில் சேர்ந்தார். ஒரு காலத்தில் தோழர்களைச் சிறையிலிட்ட கட்சியின் அரசுக்காக அவர் வாதிட்டது பழைய நண்பர்களுக்குக் கசப்பாக இருந்தது. அவர் சொன்ன காரணங்களில் ஒன்றையாவது நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. அது நிலம்.

தமிழ்நாட்டில் 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. உச்சவரம்பு 30 தர ஏக்கர். கிருஷ்ணசாமி நாயுடு என்ற நில உடைமையாளரின் வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் முழுவதையும் செல்லாதென்றது. குடும்பம் என்ற சொல்லுக்குத் தரப்பட்ட வரையறையும், பெரிய நிலத்துக்கு இழப்பீட்டு விகிதத்தைக் குறைத்த ஏற்பாடும் சமத்துவத்துக்கு எதிரானவை என்பது தீர்ப்பு. சமத்துவம் என்ற உரிமை நிலமுள்ளவருக்கும் அதிக நிலமுள்ளவருக்கும் இடையில் அளக்கப்பட்டது. நிலமே இல்லாதவர் அந்த அளவுகோலின் எந்தப் பக்கத்திலும் இல்லை. வழக்கில் அவர் தரப்பினராகவும் இல்லை. அதே ஆண்டு நாடாளுமன்றம் 17ஆவது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்து உயிர்ப்பித்தது. 1967இல் கோலக்நாத் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்ந்தனர். அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் இனித் திருத்தவே முடியாது என்று ஆறு பேர் கூறினர், ஐந்து பேர் மறுத்தனர். 1970இல் வங்கிகள் நாட்டுடைமையான சட்டமும், மன்னர்களின் மானியத்தை நிறுத்திய ஆணையும் அடுத்தடுத்து வீழ்ந்தன.

1971 தேர்தலில் புதுச்சேரித் தொகுதியில் வென்று இந்திரா காந்தியின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறையை ஏற்றார் மோகன். நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையானதும், எஃகு ஆலைகளை ஒருங்கிணைக்கும் செயில் நிறுவனம் 1973 ஜனவரியில் உருவானதும் அவர் காலத்தில்தான். நம் வட்டாரத்தில் இன்றும் அவரை நினைவுகூர்பவர்கள் சேலம் இரும்பாலையோடு சேர்த்தே நினைவுகூர்கிறார்கள். அவருடைய அமைச்சகம் எஃகு என்றாலும் அவருடைய மனம் அரசமைப்பில் இருந்தது. சட்ட அமைச்சர் எச். ஆர். கோகலேயோடு சேர்ந்து 24, 25ஆவது திருத்தங்களுக்கு அறிவுத் துணையாக நின்றார். அவை ஏன் தேவை என்று விளக்கிச் சிறுநூலும் எழுதினார்.

இந்தத் திருத்தங்களை அளக்கும் தராசாக அமைந்தது கேசவானந்த பாரதி வழக்கு. கேரளத்தின் எடநீர் மடத்தின் தலைவர் தம் மடத்து நிலத்தைக் காக்க 32ஆம் உறுப்பின் கீழ் 1970இல் தாக்கல் செய்த மனு அது. இங்கே உச்ச நீதிமன்றம் இயங்கும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஒன்பது பேர். ஒவ்வொரு வழக்கிலும் ஒன்பது பேரும் சேர்ந்தே அமர்வார்கள். எந்த வழக்கை ஏற்பதென்பதையும் அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நால்வர் விரும்பினால் வழக்கு உள்ளே வரும். நம் உச்ச நீதிமன்றம் அப்படியல்ல. 1950இல் தலைமை நீதிபதியையும் சேர்த்து எட்டுப் பேர். இன்று அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 34. பெரும்பாலும் இருவராகவோ மூவராகவோ பிரிந்து அமர்கிறார்கள். அரசமைப்பின் பொருளைத் தீர்மானிக்கும் முக்கியக் கேள்வி எழுந்தால் குறைந்தது ஐவர் வேண்டும். ஓர் அமர்வின் தீர்ப்பை மாற்ற அதைவிடப் பெரிய அமர்வு வேண்டும். எந்த வழக்கு எந்த அமர்வுக்கு என்று பிரிப்பவர் தலைமை நீதிபதி. ஆகவே நம் நாட்டில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு என்று நாம் சொல்வது பல வேளைகளில் 34 பேரில் இருவரின் தீர்ப்பு. அந்த இருவரைத் தேர்ந்தவர் ஒருவர்.

கோலக்நாத்தில் 11 பேர் அமர்ந்ததால் அதை மறுபரிசீலனை செய்யக் கேசவானந்தாவில் 13 பேர் அமர வேண்டியதாயிற்று. 1972 அக்டோபர் 31 முதல் 1973 மார்ச் 23 வரை 68 நாள்கள் வாதம். ஏப்ரல் 24 அன்று தீர்ப்பு. நாடாளுமன்றம் எந்த உறுப்பையும் திருத்தலாம், ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்று ஏழு பேர் கூறினர். ஆறு பேர் உடன்படவில்லை. மடாதிபதிக்கு அதனால் பெரிய பயன் விளையவில்லை. நாட்டுக்கோ ஒரு புதிய கோட்பாடு கிடைத்தது. அந்த 13 பேரில் ஒரு தலித்தும் இல்லை. ஒரு பெண்ணும் இல்லை. அதுவரையிலான 23 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத்தில் அப்படி ஒருவரும் அமர்ந்ததே இல்லை.

மறுநாள் தலைமை நீதிபதி சிக்ரி ஓய்வு பெற வேண்டிய நாள். மூப்பின்படி அடுத்தவர் ஷெலத். அவருக்குப் பின் ஹெக்டே, குரோவர். மூவரும் ஏழு பேர் பக்கம் நின்றவர்கள். அவர்களைத் தாண்டி, ஆறு பேரில் ஒருவரும் வங்கி வழக்கில் தனியொருவராக அரசின் பக்கம் நின்றவருமான ஏ. என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினர். வழக்கறிஞர்கள் நாடெங்கும் கொதித்தனர். மே 2 அன்று மக்களவையில் அரசின் சார்பாக முதன்மையான பதிலை அளித்தவர் சட்ட அமைச்சரல்லர்; எஃகு அமைச்சர் மோகன் குமாரமங்கலம்.

அவருடைய வாதத்தின் சாரம் இது. மூப்பு என்பது வழக்கம், சட்டமன்று. 1958இல் சட்ட ஆணையமே தலைமை நீதிபதி பதவிக்கு மூப்பு மட்டும் தகுதியாகாது என்று கூறியிருக்கிறது. நீதிபதி வெற்றுக் காகிதமல்லர். அவருக்கு உலகைப் பற்றிய பார்வை இருக்கிறது. சொத்து பற்றியும் சமூக மாற்றம் பற்றியும் அவர் என்ன நினைக்கிறார் என்பது தீர்ப்பில் வெளிப்படவே செய்யும். அந்தப் பார்வையைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நியமிப்பது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் உரிமை.

இந்த வாதத்தின் முற்பாதியை நான் ஏற்கிறேன். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்த வழக்கில், தண்டிக்கப்பட்ட மிராசுதாரர்கள் 1970களில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட வரலாற்றை அறிந்த எவரும், நீதிபதிக்குப் பார்வை கிடையாது என்று நம்பமாட்டார்கள். அதை நாடாளுமன்றத்தில் ஓர் அமைச்சர் வெளிப்படையாகச் சொன்னது பெரிய செயல். ஆனால் பிற்பாதி ஆபத்தானது. பார்வையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரே நீதிமன்றத்தின் மிகப் பெரிய வழக்காளியாக இருக்கும்போது, முற்போக்கு என்ற சொல்லுக்கு அன்றைய ஆட்சியாளரின் விருப்பம் என்ற பொருள் மட்டுமே எஞ்சும். தடுப்புக் காவலில் வாடிய கட்சியிலிருந்து வந்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அவருடைய வாதத்தின் மையத்தில் சொத்தும் வர்க்கமும் இருந்தன, சாதி இல்லை. குத்முல் ரங்கராவின் பேரன், நீதிபதியின் பார்வையைப் பற்றி அவ்வளவு பேசியும், அந்த நாற்காலியை எந்தச் சேரியின் பிள்ளையும் இதுவரை எட்டியதில்லையே என்ற எளிய உண்மையை வாதமாக்கவில்லை. ஆக்கியிருந்தால் அவரை எதிர்த்தவர்கள் பதில் சொல்லத் திணறியிருப்பார்கள் என்று நான் நினைப்பதுண்டு.

பதில் சொல்லும் காலம் அவருக்கும் அமையவில்லை. 1973 மே 31 இரவு சென்னையிலிருந்து தில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் பாலம் விமான நிலையத்தை நெருங்கும்போது வீழ்ந்தது. 65 பேரில் 48 பேர் இறந்தனர். மோகனும் அவர்களில் ஒருவர். கேசவானந்தா தீர்ப்பு வந்து 37 நாள்களே ஆகியிருந்தன. வயது 56. நீதிபதி நியமனம் குறித்து அவர் எழுதிய நூல் அதே ஆண்டு வெளிவந்தது.

அவர் விட்டுச் சென்ற வாதம் அவர் காணாத இடங்களுக்கெல்லாம் சென்றது. 1975 நவம்பரில் தலைமை நீதிபதி ரே கேசவானந்தா தீர்ப்பை மறுபரிசீலிக்க 13 பேர் அமர்வைக் கூட்டி, இரண்டே நாளில் கலைத்தார். 1976 ஏப்ரல் 28 அன்று, நெருக்கடி நிலையில் சிறைப்பட்டவர் உயிருக்கும் விடுதலைக்குமான உரிமையைக் கேட்டு நீதிமன்றம் வர முடியாது என்று ரேயின் தலைமையில் நால்வர் தீர்ப்பளித்தனர். மறுத்த ஒரே நீதிபதி எச். ஆர். கன்னா, அவரும் அடுத்த ஆண்டு தாண்டப்பட்டார். மோகனின் பழைய தோழர்கள் கோபாலன் காலத்தில் தட்டிய கதவு, அவர் நியாயப்படுத்திய நியமனத்தின் நீட்சியாக, முற்றிலும் அடைக்கப்பட்டது.

அந்த அச்சத்தின் எதிர்வினையாகவே நியமன அதிகாரம் நீதிபதிகளிடமே சென்றது. 1993 தீர்ப்பின் வழியாகப் பிறந்தது கொலீஜியம். உச்ச நீதிமன்றத்தின் மூத்த ஐவர் கூடி, அடுத்த நீதிபதிகளின் பெயரைப் பரிந்துரைக்கிறார்கள். இதை மாற்ற நாடாளுமன்றம் இயற்றிய 99ஆவது திருத்தத்தை 2015இல் ஐவர் அமர்வு நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் நீக்கியது. அமைச்சர் தேர்ந்தால் விசுவாசம். நீதிபதிகளே தேர்ந்தால் உறவும் பழக்கமும். இரண்டு ஏற்பாட்டிலும் நாம் வாசலில்தான் நிற்கிறோம்.

ஒரு தற்செயல் என்னை எப்போதும் நிறுத்தி வைக்கும். அதே 1973இல்தான் சோலையார்பேட்டையைச் சேர்ந்த ஏ. வரதராஜன் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். அங்கு அமர்ந்த முதல் தலித் அவரே. குடியரசு முப்பது ஆண்டுகளைக் கடந்திருந்தது. கே. ராமசாமி 1992இல் அப்பா பாலு இங்களே வழக்கில் தீண்டாமை குறித்து எழுதிய தீர்ப்பை இன்றும் நாங்கள் விசாரணை நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டுகிறோம். கே. ஜி. பாலகிருஷ்ணன் 2007இல் தலைமை நீதிபதியானார். 2010 மே மாதம் அவர் ஓய்வு பெற்ற பின், 2019 மே மாதம் பி. ஆர். கவாய் வரும்வரை, ஒன்பது ஆண்டுகள் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதியும் இல்லை.

அந்த ஒன்பது ஆண்டுகளுக்குள்தான் 2018 மார்ச் 20 வருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் வந்தவுடன் கைது செய்யக் கூடாது, முன் விசாரணை வேண்டும் என்று இருவர் அமர்வு கூறிய நாள் அது. ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் நம் மக்கள் தெருவுக்கு வந்தனர், உயிர்களும் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபர் 1 அன்று மூவர் அமர்வு அந்தக் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. அந்த மூவரில் கவாய் ஒருவர். ஒரு தலித் நீதிபதி இருந்ததால் மட்டும் அது நடந்தது என்று நான் கூறவில்லை. தெருவும் நாடாளுமன்றமும் முன்பே பேசிவிட்டன. ஆனால் முதல் அமர்வு அமைந்தபோது முழு நீதிமன்றத்திலும் அப்படி ஒருவர் இல்லை என்பதை மறக்கவும் முடியாது.

நாமக்கல் பகுதியின் அருந்ததியர் குடும்பங்களுக்கு அண்மையில் வந்த தீர்ப்பும் இதே இயந்திரத்தின் வழியாகவே வந்தது. 2009இல் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டில் 3 விழுக்காட்டை அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடாக்கியது. பட்டியலை உட்பிரிக்க முடியாது என்று 2004இல் ஆந்திரத்தின் சின்னையா வழக்கில் ஐவர் கூறியிருந்ததால், அச்சட்டத்தின் மேல் கத்தி தொங்கியபடியே இருந்தது. ஐவரை மாற்ற எழுவர் வேண்டும். 2024 ஆகஸ்டு 1 அன்று எழுவர் அமர்வில் ஆறு பேர் உட்பிரிவு செல்லும் என்றனர். 15 ஆண்டுகள் எங்கள் பிள்ளைகள் கல்லூரிகளில் சேர்ந்ததும் படித்து வெளியேறியதும் அந்தக் கத்தியின் கீழேதான். தமிழ்நாட்டின் 69 விழுக்காடும் வேறொரு கத்தியின் கீழ் இருக்கிறது. 1994இல் ஒன்பதாவது அட்டவணையில் அது சேர்க்கப்பட்டது. ஆனால் 1973 ஏப்ரல் 24க்குப் பின் அங்கே வந்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பின் பெயரால் சோதிக்கலாம் என்று 2007இல் ஒன்பது நீதிபதிகள் கூறிவிட்டனர். மோகன் தோற்ற அந்த ஒரு நாள் இன்னமும் நம் மாணவர்களின் இடங்களுக்கு எல்லைக் கோடாக நிற்கிறது.

கடந்த ஆண்டு இறுதியில் எங்கள் பகுதி அருந்ததியர் குடும்பம் ஒன்றின் பஞ்சமி நில வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 136ஆம் உறுப்பின் கீழ்ச் சிறப்பு அனுமதி மனு. அதைத் தாக்கல் செய்ய அந்த நீதிமன்றத்தில் பதிவு பெற்ற வழக்கறிஞராலேயே முடியும், என்னால் முடியாது. பட்டியல் சாதியினர் என்பதால் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. இதைப் படிக்கும் மாணவர்கள் தம் ஊரில் இதைச் சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாது. ஆவணங்கள் அனைத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தோம். ஒரு திங்கட்கிழமை, புதிய மனுக்களின் நீண்ட வரிசையில், எங்கள் முறை வந்து ஓரிரு நிமிடங்களில் முடிந்தது. தலையிடக் காரணமில்லை என்ற ஒரு வரி, வேறு விளக்கமில்லை. வீட்டின் பெரியவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: நீதிபதிகள் தம் நிலத்துப் பட்டாவின் நகலைப் பார்த்தார்களா என்று.

முப்பது நாளுக்குள் மறுசீராய்வு மனு தாக்கல் செய்திருக்கிறோம். 2018 தீர்ப்புக்கு எதிராக மத்திய அரசு போட்ட மறுசீராய்வு மனு திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. எங்களுடையதைப் போன்றவை பொதுவாக அப்படி வருவதில்லை. கூடியவரை அதே நீதிபதிகளிடம், அவர்களுடைய அறையில், வாதமின்றித் தாளாகவே சுற்றி வந்து முடிவாகும்.